இந்த ராடு இறங்கட்டும்

எங்க ஊருல சோறு குறையாமப் போனது ஐப்பசி மாசம் ரெண்டாவது செவ்வாக்கிழமைங்க, காலையில எட்டே காலுக்கு, எம்பட மெஸ்ஸுல, வாசப்பக்கம் மூணாவது பெஞ்சுல. இவ்வளவு கறாரா எப்படிச் சொல்றேன்னு கேட்டீங்கன்னா, அன்னிக்கு நடந்த சண்டை அப்படி. லேத் பட்டறை குப்புராஜ் நாலு இட்லி கேட்டான், நாலு இட்லி வச்சேன், சட்னி ஊத்துனேன், சாம்பார் ஊத்துனேன். அவன் எடது கையில போனைத் தேச்சுக்கிட்டே வலது கையில பிச்சுப் பிச்சுத் தின்னான். வாய் அசைஞ்சுது, தொண்டை ஏறி எறங்குச்சு. பத்து நிமிஷங் கழிச்சுக் குனிஞ்சு பார்த்தா நாலு இட்லியும் வச்சது வச்சாப்புல, சட்னி மேல வெரல் பட்ட தடங்கூட இல்லாம எலையில உக்காந்திருக்குது.

"ஏனக்கா, நாலு கேட்டா எட்டு வச்சு என் தலையில கட்டப் பாக்கறயா?"ன்னான்.

"கண்ணு நொள்ளையாடா உனக்கு? வச்சதே நாலுதான்."

"அப்ப நான் இத்தன நேரம் தின்னது?"

"அதை நீதான்டா சொல்லோணும்."

அவன் வயித்தைத் தடவிப் பாத்தான். மூஞ்சி வெளுத்துப் போச்சு. "பசி அப்படியே கெடக்குதுக்கா"ன்னான்.

பாவாயி மெஸ்ஸுன்னா நத்தக்காட்டுப்புதூருல தெரியாத ஆளு கெடையாதுங்க. இருவத்திரெண்டு வருஷமா பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல நடத்தறேன். சோத்துல குத்தஞ் சொன்னவன் உண்டு, எலையில மீதி வச்சவன் உண்டு, ஆனா தின்ன சோறு எலைக்கே திரும்பி வந்ததை அன்னிக்குத்தான் பார்த்தேன். அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஊரு பூரா இதே கதை. சரோஜினி டீச்சர் விடைத்தாள் திருத்திக்கிட்டே தயிர்சோறு தின்னாங்க, விடைத்தாள் முடிஞ்சுது, தயிர்சோறு முடியல. மண்டபத்துல ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பன் மாப்பிள்ளை வீட்டாரு மொகத்தைப் பாத்துக்கிட்டே தின்னான், மாப்பிள்ளை வீட்டாரு பொண்ணு கழுத்தைப் பாத்துக்கிட்டே தின்னாங்க, ஒறம்பரை சனமெல்லாம் எந்த பஸ்ஸைப் புடிக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே தின்னுச்சு. மூணு பந்தி எந்திரிச்சுப் போயும் மொதப் பந்தி எலை அப்படியே கெடந்துது. வயிறு நெறஞ்சு ஏப்பம் விட்டது, பந்தலுக்குக் கீழ சாம்பார்சோத்தை மூஞ்சியெல்லாம் அப்பிக்கிட்டிருந்த ரெண்டு வயசுக் கொழந்தை ஒண்ணுதான்.

சங்கதி இவ்வளவுதானுங்க. மனசு வேற எங்கியோ இருக்கறப்ப தின்ன சோறு வயித்துக்குள்ள போகல. மனசு போன எடத்துலயே நின்னுக்கும், கவளம் எலைக்குத் திரும்பிரும்.

எதனால இப்படி ஆச்சுன்னு யாரும் ரொம்ப மண்டையை ஒடச்சுக்கல. கண்ட சீமையிலயெல்லாம் பூமியைத் தொளை போட்ட பாவம்னு ஒருத்தர் சொன்னாரு, செல்போன் டவருன்னு ஒருத்தர் சொன்னாரு, பசிக்கற நேரத்துல காரணங் கேக்க யாருக்குங்க தெம்பு இருக்குது? ஆனா எங்க ஊருல ஏன் இது இந்த ஆட்டம் ஆடுச்சுங்கறதை மட்டும் நான் சொல்லுவேன். எங்க ஊரு ரிக் வண்டி ஊருங்க. போர்வெல் போடற லாரி. ரெண்டு வீட்டுக்கு ஒரு வீட்டுல ஆம்பளை ரிக்குல போயிருப்பான், சத்தீஸ்கர்ல ஒருத்தன், ராஜஸ்தான்ல ஒருத்தன், கடல் தாண்டி ஆப்பிரிக்காவுல ஒருத்தன். போனா ஆறு மாசம், எட்டு மாசம். ஒடம்பு மட்டும் ஊருல இருக்கும், மனசெல்லாம் ரோட்டுல. பொழுது விடிஞ்சா போனு, பொழுது சாஞ்சா போனு, எடுத்ததும் கேக்கறது ஒரே கேள்வி: "சாப்டாச்சா?" அந்தப் பக்கமும் "ஆச்சு", இந்தப் பக்கமும் "ஆச்சு". அந்த மாசம் இந்தப் பக்கம் சொன்ன 'ஆச்சு' அத்தனையும் பச்சைப் பொய்யிங்க. அந்தப் பக்கம் எப்படின்னு யாருக்குத் தெரியும்?

மொத வாரம் ஊரு ஆடித்தான் போச்சு. அப்புறம் எதுக்கும் பழகற மாதிரி இதுக்கும் பழகுச்சு. என் மெஸ்ஸு வாசல்ல ஒரு வெங்காயக் கூடையை வச்சேன், போனை அதுல போட்டுட்டுத்தான் உள்ள வரோணும். டிவியை அமத்துனேன். சுவத்துக்கு மொகங் காட்டி உக்காந்து தின்னு பாத்தாங்க, கண்ணை மூடிக்கிட்டுத் தின்னு பாத்தாங்க. செங்கல் சூளையில வேலை செய்யற பீகார் ஆளுங்க பசியோட வந்து உக்காந்தா மொத நாலு கவளம் சரசரன்னு எறங்கும், அஞ்சாவது கவளம் பீகாருக்குப் போயிரும். மகளிர் குழுவுல ஜோடி ஜோடியாச் சேந்து ஒருத்தி தின்னா ஒருத்தி எதுக்க உக்காந்து கேக்கறதுன்னு வச்சாங்க. "வாயில என்ன?" "கத்திரிக்கா." "எப்படி இருக்குது?" "வெதை கசக்குது." அந்தக் கவளம் உள்ள போயிரும். அதை வச்சுத்தான் நான் ஒரு உண்மையைக் கண்டுபுடிச்சேன், சொன்னா சிரிப்பீங்க. நொட்டஞ் சொல்றவனுக்குத்தான் சோறு சேந்துது. ரசத்துல உப்பு கம்மின்னவன் வயிறு நெறஞ்சு போனான், "பிரமாதங்க்கா"ன்னவன் பட்டினியாப் போனான். இருவத்திரெண்டு வருஷமா என்னைப் பிரமாதம்னு சொன்ன அத்தன பேரும் தின்னாம சொல்லியிருக்கானுகன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. அடுத்த வாரத்துல ஊரே நொட்டஞ் சொல்லக் கத்துக்குச்சு, அதுவும் பழகிப் போயி, "உப்பு கம்மி, உப்பு கம்மி"ன்னு வாய் சொல்லும், மனசு ரோட்டுல நிக்கும், கவளம் எலைக்கு வந்துரும்.

ரிக் சங்கத் தலைவரு அத்தியப்பன் கோயமுத்தூருல இருந்து ஒரு பயிற்சிக்காரரை வரவழைச்சாரு. வெள்ளைச் சட்டை, மைக்கு, நல்ல குரலு. ஆளுக்கொரு வறுத்த கடலைக்காயைக் கையில குடுத்து, "இதைப் பாருங்கள், இப்போது இந்தக் கடலை மட்டுமே இருக்கிறது"ன்னாரு. முந்நூறு பேரு மண்டபத்துல கடலையை உத்து உத்துப் பாத்தோம். ஒழுங்காப் பாக்கறமா, பக்கத்துல இருக்கறவ நம்மளை விட நல்லாப் பாக்கறாளான்னு வெசனத்துலயே பாத்தோம். மென்னு முழுங்கிட்டுக் கையை விரிச்சா முந்நூறு கையிலயும் முந்நூறு கடலை. மத்தியானம் அவருக்கு நம்ம மெஸ்ஸுலதான் எலை போட்டேன். அடுத்த ஊருக்கு அஞ்சு மணிக்குப் போகோணும்னு கடியாரத்தைப் பாத்துக்கிட்டே தின்னாரு, பாவம், மூணு தரம் கை கழுவிட்டு மூணு தரம் வந்து உக்காந்தாரு.

ஊரு இப்படி எளைச்சு எளைச்சுச் சமாளிச்சுக்கிட்டிருந்துது. ஒரு நாளைக்கு நாலு கவளமோ ஆறு கவளமோ எல்லாருக்கும் எப்படியோ எறங்கிரும். ஒருத்திக்கு மட்டும் ஒண்ணுமே எறங்கல.

மேகலான்னு பேரு. என் மெஸ்ஸுக்கு அடுத்த வீடு. இருவத்தஞ்சு வயசு, மூணு மாசக் கைக்கொழந்தைக்காரி. புருசன் செங்கோட்டுவேல் ரிக்குல டிரில்லரு, அதாவது வண்டிக்குப் பின்னால லீவரைப் புடிச்சு நின்னு பூமியைத் தொளைக்கற இரும்பு ராடை எறக்கறவன். சத்தீஸ்கர் காட்டுக்குள்ள போயிருந்தான். கொழந்தை மொகத்தைப் போனுலதான் பாத்திருக்கறான். அந்தச் செவ்வாக்கிழமைக்கு மறுநாள் கூப்பிட்டு, "இனிமேப் போற எடத்துல டவர் இருக்காது, ரெண்டு நாள்ல வெளிய வந்து கூப்படறேன்"ன்னானாம். ரெண்டு நாள் நாலு நாளாச்சு, எட்டாச்சு, பன்னெண்டாச்சு. அந்தப் பக்கம் மழைன்னு டிவியில சொன்னாங்க, ஏதோ பாலம் போயிருச்சுன்னு சொன்னாங்க, எந்தப் பாலம்னு சொல்லல. வண்டி ஓனருக்கும் தகவலில்ல. அவ போனை மடியில வச்சுக்கிட்டு, கொழந்தையை மார்ல போட்டுக்கிட்டு, சோத்துக்கு முன்னால உக்காந்திருப்பா. எதுக்க நான் உக்காந்து கேப்பேன்.

"வாயில என்ன கண்ணு?"

"பாலம் எதுன்னு சொல்லலீங்கக்கா."

"வாயில என்ன இருக்குதுன்னு கேட்டேன்."

"அவருக்கு நீச்சல் தெரியாதுங்க்கா."

கவளம் எலையில வந்து கெடக்கும்.

அவளுக்குப் பாலு வத்திப் போச்சு. கொழந்தை சப்பிச் சப்பிப் பாத்துட்டு அழுவும், அப்புறம் அழறதுக்கும் தெம்பில்லாமச் சிணுங்கும். புட்டிப் பாலு குடுத்தா வயித்தால போச்சு. நர்சு பெனாசிர் வந்து எடை போட்டுது. நாலே முக்காக் கிலோ இருந்த கொழந்தை நாலேகாலுக்கு வந்திருந்துது. அந்த நர்சுப் புள்ளை மேகலா கையைப் புடிச்சுக்கிட்டு, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன், அதுக்குள்ள தாய்ப்பால் வரலீன்னா வண்டியக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரியில சேத்திருவேன், அங்கயும் உறுதி சொல்ல முடியாதுங்க்கா"ன்னு சொல்லிட்டு வெளிய வந்து கண்ணைத் தொடச்சுக்கிச்சு. மேகலா தலையாட்டுனா. அவ காதுல அது விழுந்துச்சான்னே எனக்குச் சந்தேகம்.

இப்ப ரோட்டுக் கவளத்தைப் பத்திச் சொல்லோணும். எங்க ஊருல ரிக்குக்குப் போனவன் பொஞ்சாதி சோறுண்ண உக்காந்தா, மொதக் கவளத்தை எலை ஓரத்துல புருசனுக்குன்னு எடுத்து வச்சுட்டுத்தான் வாயில வைப்பா. ரோட்டுல இருக்கறவனுக்குப் பசிக்கக் கூடாதுன்னு ஒரு வழக்கம். சாப்பிட்டு முடிஞ்சதும் அது காக்காய்க்குப் போகும், கோழிக்குப் போகும். சோறு குறையாத சங்கதி மூணாவது வாரம் தொட்டதும் அத்தியப்பன் மாரியாத்தா கோயில் முன்னால கூட்டம் போட்டாரு. பொம்பளைங்க மனசை ரோட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போறதே அந்தக் கவளந்தான், இன்னியிலிருந்து யாரும் வைக்கக் கூடாதுன்னு சொன்னாரு. ஆம்பளைங்க எல்லாம் ஆமாம் ஆமாம்னாங்க. கவளம் வைக்காத ஆம்பளைங்களுக்கும் சோறு எறங்கலியேன்னு ஒருத்தனாவது யோசிச்சானா? எனக்கும் அப்பத் தோணல. நானும் ஆமாம்னுதான் சொன்னேன். வாயில கொள்ளிக்கட்டையைத்தான் வைக்கோணும் எனக்கு.

அன்னியிலிருந்து இன்னும் மோசமாப் போச்சு. கவளம் வைக்காம சோத்துல கை வச்ச பொம்பளை ஒவ்வொருத்தியும், இன்னிக்கு வைக்கலியே, அவருக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு நடுங்கிக்கிட்டே தின்னா. எறங்குன நாலு கவளமும் எறங்கல. மேகலா சோத்தைத் தொடவே மாட்டேன்னுட்டா.

"வைக்காம நான் தின்ன மாட்டேனுங்க்கா. பதினாலு நாளா அவருக்கு வச்ச கவளந்தான் எனக்குத் தெம்பு. அதையும் புடுங்கிக்கிட்டா?"

அவ மாமியா நல்லம்மா வெடுக்குன்னு சொன்னா: "ஊர்க்கட்டு, வைக்கக் கூடாது. அவனை நெனைக்காத, கொழந்தையை நெனை."

"நெனைக்காதன்னா எப்படிங்கத்தை? உங்களுக்கும் அவரு மகன்தானுங்களே!"

நல்லம்மாவும் மூணு நாளாத் தின்னுருக்கல, எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்துது. மத்தியானம் பன்னெண்டரைக்கு மேகலா கொழந்தையைத் தூக்கிக்கிட்டு மெஸ்ஸுக்கு வந்தா, பின்னாலயே நல்லம்மா. போனைக் கூடையில போடல, நானும் கேக்கல. குப்புராஜ் இருந்தான், சரோஜினி டீச்சர் இருந்தாங்க, ரிக் ஆளுங்க பொஞ்சாதிங்க ஏழெட்டுப் பேரு இருந்தாங்க. பெனாசிர் சாயங்காலத்துக்குக் காத்திராம அப்பவே எடைத் தராசோட வந்து ஓரமா உக்காந்திருந்துது. நான் தலை வாழை எலை போட்டுச் சோறு, சாம்பார், பீன்ஸு பொரியல், ரசம், மோரு எல்லாம் வச்சேன். அவ கொழந்தையை மடியில கெடத்திக்கிட்டு எலையையே பாத்துக்கிட்டிருந்தா. கொழந்தை வாயைத் தொறந்து தொறந்து மூடுது, சத்தமே வரல.

எனக்குப் பொறுக்கல. "நீ ரோட்டுக் கவளத்தை வையி கண்ணு"ன்னேன். "ஊர்க்கட்டு என் சமையக்கட்டுக்குள்ள செல்லாது. எவனாச்சும் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

மேகலா சாம்பார்சோத்துல ஒரு கவளம் உருட்டி எலை ஓரத்துல வச்சா. வச்சுட்டு அதையே ரொம்ப நேரம் பாத்தா. போச்சு, மனசு மறுபடி ரோட்டுக்குப் போயிருச்சுன்னு நான் நெனச்சேன். ஆனா அவ அதுக்குப் பக்கத்துல இன்னொரு சின்னக் குவியல் வச்சா. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. சாம்பார்சோறு, பொரியலு, ரசஞ்சோறு, மோர்சோறு, எல்லாத்துலயும் கொஞ்சங் கொஞ்சம் எடுத்து எலை ஓரமா வரிசையா வச்சுக்கிட்டே போனா. டீச்சருக்குப் புரியல, "என்ன பண்றா இவ?"ன்னு என் காதுல கேட்டாங்க. அந்த ஏழெட்டுப் பொம்பளைங்களுக்கும் புரிஞ்சுது, எனக்கும் புரிஞ்சுது.

போர் போடற எடத்துல அப்படித்தானுங்க வைப்பாங்க. ஒரு ராடு இருவது அடி. ஒவ்வொரு ராடு எறங்கறப்பவும் குழியில இருந்து மேல வர்ற மண்ணை ஒரு கை எடுத்துத் தரையில குவிச்சு வைப்பாங்க, இருவதுக்கு ஒண்ணு, நாப்பதுக்கு ஒண்ணுன்னு வரிசையா. டிரில்லரு ஒவ்வொண்ணையும் ரெண்டு வெரல்ல நசுக்கிப் பாப்பான், மோந்து பாப்பான், அதை வச்சுத்தான் அடுத்த ராடை எவ்வளவு மெல்ல விடறதுன்னு முடிவு பண்ணுவான். காட்டுக்காரன், அதாவது நெலத்துக்காரன், பக்கத்துலயே நின்னு, "தண்ணி வருமா தம்பி, தண்ணி வருமா"ன்னு உசுரை எடுப்பான். தண்ணியை நெனச்சுக்கிட்டு லீவரைப் புடிச்சா ராடு சிக்கிக்கும், வண்டியே ஆடிப் போகும். அதனால எங்க ஊரு டிரில்லரு எவனும் வரும்னோ வராதுன்னோ சொல்ல மாட்டான். ஒரே பதிலு: "இந்த ராடு எறங்கட்டுமுங்க." கல்யாணமான புதுசுல செங்கோட்டுவேல் மேகலாவைச் சங்ககிரிப் பக்கம் ஒரு காட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தான். அவ நாள் பூரா அந்த மண் குவியலுக்குப் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வந்து, "என்ற புருசன் வேலை செய்யறப்ப என்னையக்கூட நெனைக்கறதில்லீங்க்கா"ன்னு என்கிட்டச் சிணுங்குனா.

மேகலா பதினஞ்சு குவியல் வச்சா. ரோட்டுக் கவளம் தனி. அவ ரெண்டு வெரல்ல மொதக் குவியலை எடுத்து நசுக்கிப் பாத்தா, மோந்து பாத்தா, வாயில வச்சா. மென்னா. சாவகாசமா மென்னா. தொண்டை எறங்குச்சு.

"இருவது"ன்னா. "செம்மண்ணு."

நாங்க எல்லாரும் எலையைப் பாத்தோம். மொதக் குவியல் இருந்த எடம் காலி. அது திரும்பி வரல. பெனாசிர் எந்திரிச்சு நின்னுருச்சு.

"பேசாத இருங்க"ன்னு நான் எல்லாருக்கும் கையைக் காட்டுனேன்.

"நாப்பது. மண்ணுல காரம் இருக்குது." அதுவும் காலி.

"அறுவது. பீன்ஸுல நாரு." காலி.

எம்பது, நூறு, நூத்திருவது. அவ கண்ணுல தண்ணி ஓடிக்கிட்டுத்தான் இருந்துது. அவனை மறந்துட்டாளான்னா இல்லீங்க, சத்தியமா இல்ல. அவன் கையி செய்யற வேலையை அவ கையி செஞ்சுக்கிட்டிருந்துது, அவ்வளவுதான். வெசனம் அவ பக்கத்துலயே பெஞ்சுல உக்காந்திருந்துது, எந்திரிச்சுப் போகல, ஆனா கையைப் புடிச்சு இழுக்கவுமில்ல.

நூத்தி நாப்பதுக்கு அவ குவியலை நசுக்கறப்ப போன் அடிச்சுது.

மடியில, கொழந்தை காலுக்குப் பக்கத்துல கெடந்து அடிக்குது. புது நம்பரு, சத்தீஸ்கர்ப் பக்கத்து நம்பரு மாதிரி இருக்குதுன்னு குப்புராஜ் எட்டிப் பாத்துச் சொன்னான். நல்லம்மா "சாமி!"ன்னு ஒரு கத்துக் கத்துனா. பதினாறு நாளா இந்த ஒரு சத்தத்துக்குத்தானே அந்த வீடு உசுரைக் கையில புடிச்சுக்கிட்டிருந்துது! நல்ல சேதியோ கெட்ட சேதியோ, எடுத்தாத்தானே தெரியும்? நல்லம்மா போனை எடுக்கக் கையை நீட்டுனா. மேகலா எடது கையால மாமியா கையைப் புடிச்சு நிறுத்திட்டா. வாயில கவளம் இருக்குது, பேச முடியாது. தலையை மட்டும் ஆட்டுனா, வேண்டாம்னு. கண்ணு ரெண்டும் போனு மேல. அந்தக் கவளம் எலைக்கு வந்துருமோன்னு நான் எலையையும் அவ தொண்டையையும் மாத்தி மாத்திப் பாக்கறேன். அவ கண்ணைப் போனுல இருந்து பேத்து எடுத்தாளுங்க, அப்படித்தான் சொல்லோணும், பேத்து எடுத்து எலையில வச்சா. மென்னா.

போன் அடிச்சு அடிச்சு நின்னு போச்சு.

"அடிப் பாவி மகளே"ன்னு நல்லம்மா தலையில அடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டா.

"நூத்தி நாப்பது"ன்னா மேகலா. "மண்ணுல ஈரமில்ல."

"நூத்தி அறுவது. பாறை."

"நூத்தி எம்பது. பாறைதான்."

எரநூறுக்கு ரசஞ்சோத்தை வாயில வச்சவ மெல்லறதை நிறுத்திட்டுக் குனிஞ்சு பாத்தா. அவ ரவிக்கை ரெண்டு பக்கமும் நனைஞ்சிருந்துது. மடியில இருந்த கொழந்தை வாசம் புடிச்சுக்கிட்டு மூஞ்சியைத் திருப்பித் தேடுது. பெனாசிர் ஓடி வந்து கொழந்தையைத் தூக்கி மார்ல வச்சுது, அது ஒரே புடியாப் புடிச்சுக்கிட்டு மடக் மடக்குன்னு குடிக்கற சத்தம் மெஸ்ஸு பூராக் கேட்டுது. போர்ல தண்ணி பீச்சி அடிச்சா ரிக்கு ஆளுங்க விசில் அடிப்பாங்க, அது வழக்கம். குப்புராஜ் அவனை அறியாம விசில் அடிச்சுட்டான், அடிச்சுட்டு வெக்கப்பட்டு வாயைப் பொத்திக்கிட்டு அழுதான்.

மேகலா நிமிரல. அவ நிமிந்திருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல. எரநூறை முழுங்கிட்டு, "எரநூத்தி இருவது"ன்னு அடுத்த குவியலைத் தொட்டா. நசுக்குனா, மோந்தா, மென்னா, முழுங்குனா. அப்ப மறுபடி போன் அடிச்சுது.

இந்தத் தரம் வாயில ஒண்ணுமில்ல. அவ எடது கையால போனை எடுத்து ஸ்பீக்கருல போட்டு எலைக்குப் பக்கத்துல வச்சா. கரகரன்னு காத்துச் சத்தம், மழைச் சத்தம். மெஸ்ஸே காதாகிப் போச்சு. யாரோ இருமறாங்க. அப்புறம் அவன் குரலு, ரொம்பத் தூரத்துல இருந்து, விட்டு விட்டு வருது.

"மேகலா... நாந்தான். பாலம் போயிருச்சு, இத்தன நாளா அந்தப் பக்கமே கெடந்தோம். இப்பத்தான் ஒருத்தர் போனைக் குடுத்தாரு. எல்லாரும் நல்லாருக்கறோம். பாப்பா எப்படி இருக்குது? நீ... சாப்டாச்சா?"

நல்லம்மா முந்தானையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டா. நாங்க எல்லாரும் அந்த 'ஆச்சு'வுக்குக் காத்திருந்தோம், இருவது வருஷமா எல்லா வீட்டுலயும் கேட்ட 'ஆச்சு'. எனக்கே வாய்க்குள்ள வந்துருச்சு அது.

மேகலா எலையைப் பாத்தா. மிச்சமிருந்த குவியலை எண்ணுனா.

"இன்னும் இல்லீங்க"ன்னா. "தின்னுக்கிட்டிருக்கறேன். இன்னும் நாலு ராடு இருக்குது."

அந்தப் பக்கம் மழை மட்டுந்தான் கேட்டுது. லைன் கட்டாயிருச்சோன்னு குப்புராஜ் என்னைப் பாத்தான். அப்புறம் செங்கோட்டுவேல் பேசுனான், வேலையில இருக்கறப்பப் பேசற குரலுல.

"சரி. மெல்ல எறக்கு. நான் லைன்லயே இருக்கறேன்."

அவ எரநூத்தி நாப்பதைக் கையில எடுத்தா. நான் உள்ள போயி எனக்கு ஒரு எலை போட்டுக்கிட்டு வந்து அவளுக்கு எதுக்க உக்காந்து, ரசத்தை ஊத்தி ஒரு வாய் வச்சேன்.

சொல்றதுல என்ன வெக்கம், உப்பு கம்மிதானுங்க.